வீட்டு வண்டியும் சுங்கச் சாலையும்

பயணம் என்பது புறப்படும் நாளில் தொடங்குவதன்று. தேசப் படத்தை விரித்து, அளவுகோலும் எழுதுகோலும் கையில் எடுத்து அமரும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான். வகுப்பிற்குச் செல்லுமுன் பாடக் குறிப்பு எழுதிப் பழகிய கை, பயணத்திற்கு மட்டும் குறிப்பு எழுதாமல் இருக்குமா? மாணவச் செல்வர்களே, அத்தகைய பயணக் குறிப்பு ஒன்றைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

என் மகன் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பணி புரிகின்றான். வரும் செப்டம்பர்த் திங்களில் அவனுக்கு 28 நாள் விடுமுறை. மூன்று ஆண்டுகளாக அவனைக் காணாத நானும் என் துணைவியும் அங்குச் செல்ல இருக்கிறோம். மேனாட்டார் ‘மோட்டார் ஹோம்’ என்று வழங்கும் வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தென் ஐரோப்பாவில் உலவி வருவது எங்கள் எண்ணம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகிய யாவும் அவ்வண்டியினுள்ளேயே உண்டு. ஆமை தன் ஓட்டைச் சுமந்து செல்வது போல், நாம் நம் வீட்டுடனேயே செல்லலாம். ஆமையிடம் கற்க வேண்டிய மற்றொன்றும் உண்டு, அதுதான் நிதானம்.

மகன் வரைந்தனுப்பிய முதல் திட்டத்தில் நிதானத்தைக் காணவில்லை. போர்ச்சுகலின் லிஸ்பனில் தொடங்கி, ஸ்பெயின், தென் பிரான்சு, இத்தாலி ஆகியவற்றைக் கடந்து, கப்பலேறிக் கிரீசு நாட்டின் ஏதென்சு நகரை அடைந்து திரும்புவதாக அது அமைந்திருந்தது. அளந்து பார்த்தேன், 6000 கிலோமீட்டருக்குக் குறையாது. அதனை 28 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளும் ஓய்வின்றி, நாள்தோறும் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். “தம்பி, நாம் ஊர்களைப் பார்க்கப் போகிறோமா, ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பார்க்கப் போகிறோமா?” என்று தொலைபேசியில் கேட்டேன். “சுங்கச் சாலையிலேயே போனால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் அப்பா. கட்டணந்தானே, கொடுத்துவிட்டால் போயிற்று” என்றான் அவன்.

அவன் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சுங்கச் சாலையில் நாம் காசு கொடுத்து வாங்கும் பொருள் யாது? அதனைத் தெளிந்துகொண்டாலன்றி, கொடுப்பதா வேண்டாவா என்று முடிவு செய்தல் இயலாது.

மோட்டார் வண்டிகளுக்கென்றே தனியாக அமைந்த சுங்கச் சாலைக்கு முன்னோடிகளுள் இத்தாலியும் ஒன்று. பியரோ புரிசெல்லி என்னும் பொறியாளரின் முயற்சியால், மிலான் நகரிலிருந்து வடக்கே ஏரிகளை நோக்கிச் செல்லும் சாலையின் முதற்பகுதி 1924-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. மிலானையும் நேப்பிள்சையும் இணைக்கும் ‘கதிரவன் நெடுஞ்சாலை’ 1964-இல் நிறைவெய்தியது. பிரான்சு நாடு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இம்முறைக்கு இடந்தந்தது. சாலையை அமைக்க ஒரு நிறுவனம் பெரும் பணத்தை முடக்குகிறது. குறித்த ஆண்டுகள் வரை கட்டணம் பெற்றுக்கொள்ளும் உரிமையை அரசு அதற்கு அளிக்கிறது. தவணை முடிந்ததும் சாலை நாட்டுக்கு உரியதாகிறது. முறையின் சாரம் இவ்வளவே.

தவணை முடிவதும் வெறும் ஏட்டுச் செய்தியன்று. ஸ்பெயினில் மத்தியதரைக் கடலோரமாகச் செல்லும் ஏ.பி.-7 சாலையில், தர்ரகோனா முதல் அலிகாந்தே வரை 2020 சனவரியிலும், பிரெஞ்சு எல்லை முதல் தர்ரகோனா வரை 2021 செப்டம்பரிலும் சுங்கம் நீங்கிற்று. மாலகாவை அடுத்த தென்கடற்கரை போன்ற சில பகுதிகளில் அது தொடர்கிறது. போர்ச்சுகலின் தென்கோடியில் ஏ-22 சாலை முதலிய சிலவற்றில், நாடாளுமன்றம் முடிவெடுத்து, 2025 சனவரி முதல் நாளிலிருந்து கட்டணத்தை நீக்கிவிட்டது. ஆகவே பழைய வழிகாட்டி நூலை நம்பிக் கணக்கிடுதல் கூடாது. எந்நூலாயினும், அது வெளிவந்த ஆண்டை முதலில் பார்த்தல் நல்ல மாணவனுக்கு அழகு.

கட்டணம் பெறும் முறைகளும் பலவாம். பிரான்சிலும் இத்தாலியிலும் பெரும்பாலான சாலைகளில், நுழையுமிடத்தில் சீட்டுப் பெற்று, வெளியேறுமிடத்தில் சென்ற தொலைவுக்கேற்பப் பணம் செலுத்த வேண்டும். கிரீசில் வழியிடையே அமைந்த சாவடிதோறும் செலுத்த வேண்டும். போர்ச்சுகலில் சில சாலைகளில் சாவடியே இல்லை. மேலே பொருத்திய கருவி வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளும். அங்குச் செல்வோர் முன்னரே பதிவு செய்து வைத்தல் நலம்.

வீட்டு வண்டிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிரான்சில் கட்டணம் வண்டியின் உயரத்தையும் எடையையும் பொறுத்தது. 2 மீட்டர் உயரத்திற்கும் 3500 கிலோகிராம் மொத்த எடைக்கும் மேற்படாதவை முதல் வகுப்பு. உயரம் 2 மீட்டருக்கு மேல் 3 மீட்டருக்குள் இருந்தால் இரண்டாம் வகுப்பு. 3 மீட்டரை எட்டிவிட்டால் மூன்றாம் வகுப்பு. கூரைமேல் ஒரு பெட்டியைக் கட்டினால், வண்டி ஒரு வகுப்பு உயர்ந்துவிடக் கூடும்! வகுப்பில் உயர்வு பெற்றும் வருந்த வேண்டிய இடம் இஃது ஒன்றே போலும். இத்தாலியிலோ முன் அச்சின் மேல் அமைந்த உயரம் 1.30 மீட்டரைக் கடந்ததா என்பதே கேள்வி. எனவே வாடகைக்கு எடுக்குமுன் வண்டியின் உயரத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

இனி, காசு கொடுத்து வாங்குவது யாது என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு விடையளிக்க மில்லோ என்னும் சிற்றூரைக் காட்டிலும் சிறந்த இடம் இல்லை. நடுப் பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரிலிருந்து தெற்கே பெசியே வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர் செல்லும் ஏ-75 சாலையில் சுங்கம் இல்லை, ஓரிடம் நீங்கலாக. அவ்வோரிடம் தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. முற்காலத்தில் வண்டிகள் யாவும் பள்ளத்தாக்கினுள் இறங்கி, மில்லோ ஊரின் நடுவே சென்று, மீண்டும் மலையேற வேண்டியிருந்தது. கோடை விடுமுறையில் அங்கே வண்டிகள் மணிக்கணக்கில் தேங்கி நின்றன. மிஷெல் விர்லோசோ என்னும் பொறியாளரும், நார்மன் ஃபாஸ்டர் என்னும் கட்டடக் கலைஞரும் வடிவமைத்த பாலம் 2004 டிசம்பரில் திறக்கப்பட்டது. நீளம் 2460 மீட்டர்; தூண் உச்சியின் உயரம் 343 மீட்டர். அரசின் பணத்தாலன்றி ஒரு நிறுவனத்தின் பணத்தால் கட்டியதாதலின், பாலத்திற்கு மட்டும் சுங்கம் உண்டு.

பாலத்தின்மேல் சென்றால் சில நிமிடங்களில் அப்பால் சென்றுவிடலாம். ஆனால் பாலத்தின்மேல் செல்பவன் பாலத்தைக் காண்பதில்லை! பழைய சாலையில் இறங்கி ஆற்றங்கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவனே அதன் பேரழகைக் காண்கிறான். அவனுக்குச் சுங்கமும் இல்லை. அப்படியாயின் சுங்கம் வீணோ? அன்று. பெசியே மருத்துவமனைக்கு விரைபவருக்கும், பழம் அழுகுமுன் சந்தையில் சேர்க்க வேண்டியவருக்கும் அந்தச் சில நிமிடங்களே பொருள். சுங்கச் சாலை விற்பது நேரம். மிச்சமாகும் நேரத்தை எங்கே செலவிடுவோம் என்று அறிந்தவன் அதனை வாங்கலாம். அறியாதவன் வாங்கியும் பயனில்லை.

இதனை எடுத்துரைத்தபின் தந்தையும் மகனும் திட்டத்தை மாற்றி எழுதினோம். முதலில் தங்கும் ஊர்களைக் குறித்தோம். சாலைகளைப் பின்னரே குறித்தோம். லியோனிலிருந்து கிளெர்மோன்-ஃபெரான், ஏ-75 வழியே மில்லோவில் இறங்கி இரண்டு நாள், பின்னர் நர்போன். கி.மு. 118-ஆம் ஆண்டையொட்டி உரோமர் அமைத்த தொமீசியா பெருவழியின் கற்பாவிய ஒரு பகுதியை நர்போன் நகரச் சதுக்கத்தில் இன்றும் காணலாம். இத்தாலியையும் ஸ்பெயினையும் இணைத்த அவ்வழியின் போக்கிலேயே எல்லையைக் கடந்து கிரோனா; கடலை நோக்கிய உரோமர் அரங்கம் விளங்கும் தர்ரகோனா; திரும்புகையில், மூன்றடுக்கு வளைவுகளுடன் ஏறத்தாழ 49 மீட்டர் உயர்ந்து நிற்கும் கார் ஆற்று நீர்ப்பாலம். மொத்தம் சுமார் 2000 கிலோமீட்டர். ஓட்டும் நாட்கள் பத்து. தங்கும் நாட்கள் பதினெட்டு. இத்தாலியும் கிரீசும் எங்கும் போய்விடா. ஆனால் எங்கள் மகனோடு ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கும் நாட்கள் இருபத்தெட்டே. அவற்றுள் பாதியைச் சக்கரத்திற்குக் கொடுக்க என் துணைவிக்கு விருப்பமில்லை, எனக்கும் இல்லை.

ஓரிடத்தில் மட்டும் சுங்கத்தை மகிழ்வுடன் செலுத்துவதெனத் தீர்மானித்தோம். இறுதி நாளன்று மாலைக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும். அன்று லியோனுக்குத் திரும்பும் வழி முழுதும் சுங்கச் சாலையே. நேரத்திற்குப் பயன் உள்ள நாள் அதுவன்றோ? நெரிசல் மிகும் நாட்களைப் பிரெஞ்சு அரசின் ‘பிசோன் ஃப்யுத்தே’ என்னும் பணி 1976 முதல் முன்னறிவித்து வருகிறது. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நாட்களுக்கு நிறங்குறிக்கும் அப்பட்டியலையும் பார்த்தே நாளை உறுதி செய்வோம்.

வேறு சில விதிகளையும் குறித்து வைத்துள்ளோம். ஷெங்கன் உடன்படிக்கை நாடுகளில், குறுகிய கால விசா பெற்றவர் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கல் ஆகாது. வாடகை வண்டிகளிற் பெரும்பாலானவற்றின் எடை வரம்பு 3500 கிலோகிராம். வெறும் வண்டியே மூன்று டன்னை நெருங்கும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோகிராம் என்பதை நினைவிற்கொண்டு மூட்டை கட்ட வேண்டும். ஸ்பெயினில் வண்டியை முறையாக நிறுத்தி உள்ளே இருப்பது வேறு, நாற்காலியையும் பந்தலையும் வெளியே விரிப்பது வேறு. பின்னது முகாம் எனக் கருதப்படும். தென் பிரான்சில் இலையுதிர் காலத்தில் திடீரெனப் பெருமழை கொட்டுவதுண்டு. வறண்ட ஓடையின் கரையை நம்பி இரவில் வண்டியை நிறுத்தலாகாது.

மாணவர்களே, வெளிநாடு செல்லும் வாய்ப்பு இன்று உங்களுக்கு இல்லாமற் போகலாம். அதனால் என்ன? ஒரு தேசப் படமும் ஒரு தாளும் போதும். ஏதேனும் ஒரு பயணத்தை வகுத்துப் பாருங்கள். தொலைவைக் கூட்டுங்கள், நாட்களால் வகுங்கள், செலவைக் கணக்கிடுங்கள். பிறகு கடினமான பகுதிக்கு வாருங்கள்: எவற்றை விட்டுவிடுவது என்று முடிவு செய்யுங்கள். பூகோளமும் கணிதமும் வரலாறும் ஒரே தாளில் கூடுவதைக் காண்பீர்கள். கையிலுள்ள காசும் காலமும் அளவுடையவை. எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பவனே நன்கு பயணம் செய்பவன்.