பெட்டியில் 1,600 வாட்ஸ், ஃபியூஸில் 30 ஆம்பியர்

முதல் கார் வாங்கிய இளைஞர் அடுத்து வாங்க நினைப்பது பெரும்பாலும் ஒரு சப்-வூஃபரும் அதை இயக்கும் ஆம்ப்ளிஃபயரும்தான். மைவியோ வீராவோ, பூட்டைத் திறந்தால் பன்னிரண்டு அங்குல வட்டம் ஒன்று கம்பீரமாகத் தெரிய வேண்டும். அதில் தவறேதும் இல்லை. தவிலும் உறுமியும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'பேஸ்' ஓசை பிடித்துப் போவதில் வியப்பில்லை. ஆனால், தீபாவளி போனஸில் வாங்கிய சப்-வூஃபர் பொங்கலுக்குள் கருகிவிடுகிறதே, அதுதான் வருத்தம். திரும்பக் கொண்டுபோனால், "சரக்கு மட்டம், இன்னும் பெரியதாக வாங்குங்கள்" என்ற பதில் கிடைக்கிறது. பல வேளைகளில் சரக்கு மட்டமில்லை. ஆம்ப்ளிஃபயரின் கணக்கும் சப்-வூஃபரின் கணக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியின் மேல் 1,600 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது ஒரு நொடிக்கும் குறைவாக எட்டக்கூடிய உச்ச அளவு. சில மலிவுச் சரக்குகளில் அதுகூட இல்லை, வெறும் அலங்காரம். கேட்க வேண்டியது 'ஆர்எம்எஸ்' எனப்படும் தொடர் ஆற்றலின் அளவு. அதாவது, விட்டுவிட்டு அல்லாமல் நீடித்துக் கொடுக்கக்கூடிய, நீடித்துத் தாங்கக்கூடிய வாட்ஸ். இந்த அளவையும் ஆளுக்கொரு விதமாக அளந்து சொன்னதால்தான், அமெரிக்க மின்னணுப் பொருள் துறைச் சங்கம் 2003இல் சிஇஏ-2006 என்ற அளவீட்டு முறையைக் கொண்டு வந்தது. சங்கத்தின் பெயர் மாறியபின் அது சிடிஏ-2006 ஆயிற்று. 14.4 வோல்ட் மின்சாரத்தில், 4 ஓம் தடையில், ஒலிச்சிதைவு 1 விழுக்காட்டைத் தாண்டாமல் எத்தனை வாட்ஸ் வருகிறது என்பதே அதன் கணக்கு. அந்த முத்திரை உள்ள சரக்கில் அச்சிட்ட எண்ணை நம்பலாம்.

முத்திரை இல்லையா? ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பார்த்தால் போதும். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், கார் ஓடும்போது உள்ள ஏறத்தாழ 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட்ஸ். பேட்டரியிலிருந்து உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் பழைய ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் பாதியை வெப்பமாக வீணாக்கும். டி வகை என்றால் முக்கால் பங்குக்கு மேல் தேறும். ஆக, வெளியே வருவது 200 முதல் 330 வாட்ஸ் வரைதான். 1,600 எங்கிருந்து வரும்? இந்த ஒரு பெருக்கலைக் கடையில் நின்றபடி கைப்பேசியிலேயே போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது ஓம். குழப்பம் அதிகம் இங்கேதான். ஒரே ஆம்ப்ளிஃபயர் 4 ஓமில் ஓர் அளவும், 2 ஓமில் அதைவிடக் கூடுதலாகவும் ஆற்றல் தரும். தடை குறையக் குறைய மின்சாரம் அதிகம் பாயும் என்பதே காரணம். இப்போதைய சப்-வூஃபர்கள் பலவற்றில் இரண்டு காயில்கள் இருப்பதால், கம்பியை எப்படி இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஓம் மாறிவிடுகிறது.

உதாரணத்திற்கு, 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாங்கும், இரண்டு 4 ஓம் காயில்கள் உள்ள ஒரு சப்-வூஃபரை எடுத்துக்கொள்ளலாம். ஆம்ப்ளிஃபயர் 4 ஓமில் 180 வாட்ஸ், 2 ஓமில் 300 வாட்ஸ் தருவது. 2 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பது. இரு காயில்களையும் பக்க இணைப்பில் கொடுத்தால் 2 ஓம். 300க்கு 300, பொருத்தமான ஜோடி. தொடர் இணைப்பில் கொடுத்தால் 8 ஓம் ஆகி, 90 வாட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும்.

இனி, நண்பர் பேச்சைக் கேட்டு அதேபோல் இன்னொரு சப்-வூஃபர் வாங்கி அதே ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் என்ன ஆகும்? நான்கு காயில்களையும் பக்க இணைப்பில் கொடுத்தால் 1 ஓம். ஆம்ப்ளிஃபயர் சூடேறித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், அல்லது எரிந்துபோகும். பாதுகாப்பாக 4 ஓமுக்குக் கொண்டு வந்தால், கிடைக்கும் 180 வாட்ஸை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆளுக்கு 90. ஒரே ஒரு சப்-வூஃபர் 300 வாட்ஸில் ஒலித்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபல்கூட இல்லை. இரண்டாவதற்குக் கொடுத்த ரிங்கிட் முழுவதும் பார்வைக்கு மட்டுமே.

இதில் இரு வகையான பேச்சு உலவுகிறது. "சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கருக்கு ஆபத்தே இல்லை" என்பார் ஒருவர். "சின்ன ஆம்ப்தான் ஸ்பீக்கரைக் கொல்லும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே அரைகுறை. 300 வாட்ஸ் தாங்கும் சப்-வூஃபரை 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் எரிக்க முடியாது. ஆனால், 250 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு ஓசை போதவில்லை என்று கெயின் திருகை முழுவதும் திருப்பி, பேஸ் பூஸ்டையும் ஏற்றினால் கதை வேறு. ஒலி அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். 'கிளிப்பிங்' என்பது இதுதான். முழுவதும் தட்டையான அலை, அதே உயரமுள்ள சீரான அலையைப்போல் இரு மடங்கு ஆற்றலைக் கொண்டது. 250 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் 500 வாட்ஸை நெருங்கும் வெப்பத்தைக் காயிலுக்குள் தள்ளும். காயிலின் பசை இளகிக் கருகும் வாடை காருக்குள் வருவது அப்போதுதான்.

மாறாக, 500 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை 300 வாட்ஸ் சப்-வூஃபருக்குக் கொடுத்து, கெயினைக் கட்டுக்குள் வைத்திருப்பவருடைய ஸ்பீக்கர் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கெயின் என்பது வால்யூம் அன்று. ரேடியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்ளிஃபயரை ஒத்துப்போகச் செய்யும் திருகு. அதைக் காதால் மட்டும் வைக்காமல் மல்டிமீட்டரால் வைப்பது நல்லது. ஆற்றலை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வோல்ட் கிடைக்கும். 300 வாட்ஸ், 2 ஓம் என்றால் 600இன் வர்க்கமூலம், 24.5 வோல்ட். சப்-வூஃபரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்டை அணைத்து, ரேடியோவை முக்கால் அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் ஏசி வோல்ட் 24.5 வரும்வரை கெயினை ஏற்றி நிறுத்த வேண்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்து தராத கடையில் பொருத்தும் கூலி எதற்கு என்று கேட்பது நியாயமே.

துளையுள்ள பெட்டியில் சப்-வூஃபரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அந்தப் பெட்டி எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ, அதற்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் இல்லை. வாட்ஸ் சரியாக இருந்தாலும் கோன் தன் எல்லையைத் தாண்டி ஆடிக் கிழியும். ஆம்ப்ளிஃபயரில் 'சப்சோனிக்' வடிகட்டி இருந்தால் அதைப் போட்டு வைக்க வேண்டும்.

ஸ்பீக்கர் கருகினால் பணம் போகும். மின்கம்பி கருகினால் காரே போகும். 300 வாட்ஸ் தரும் டி வகை ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய 30 ஆம்பியரும், ஏபி வகை 40க்கு மேலும் இழுக்கக்கூடும். அதற்கு மெல்லிய ஸ்பீக்கர் கம்பி ஆகாது. 8 கேஜ் செம்புக் கம்பி வேண்டும், 4 கேஜ் என்றால் நிம்மதி. செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குபவர் ஓர் அளவு தடித்ததாக வாங்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் இருக்கிறதே என்று பேட்டரி அருகே ஃபியூஸ் வைக்காமல் விடுகிறார்கள். ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸ் பூட்டில் இருக்கிறது. கம்பியோ எஞ்சினிலிருந்து இருக்கைகளுக்கு அடியில் காரின் நீளம் முழுவதும் ஓடுகிறது. வழியில் இரும்புத் தகட்டில் உரசித் தோல் உரிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த இடத்தில் கொட்டும். தரைவிரிப்பு தீப்பிடிக்க அது போதும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ், எஞ்சின் தடுப்புத் தகட்டுத் துளையில் ஒரு ரப்பர் வளையம். இரண்டும் சேர்ந்து ஒரு சாப்பாட்டுச் செலவுக்கு மேல் போகாது.

ஏற்கெனவே பொருத்திவிட்டவர்கள் இன்றே பானெட்டைத் திறந்து பார்க்கலாம். பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் தடித்த கம்பியில் ஃபியூஸ் பெட்டி கண்ணில் படவில்லை என்றால், அந்தக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஃபியூஸ் போட்ட பிறகு பாட்டுக் கேட்கலாம்.