பூச்சியத் தடம் எங்கே இருக்கிறது?

(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசைமேல் மேல்மூடி கழற்றிய ஒரு ஃப்ளாப்பி டிரைவ், ஒரு பட்டை கேபிள், நான்கைந்து ஃப்ளாப்பிகள் வைத்திருக்கிறேன். நம் பழைய பாடநூல் ஃப்ளாப்பியை நெகிழ்வட்டு என்றது. நான் இரண்டு சொல்லையும் கலந்தே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் இளையவர்கள் பலர் இதைக் கையால் தொட்டிருக்க மாட்டீர்கள்.

வழக்கொழிந்த ஒரு கருவிக்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்கலாம். பென்டிரைவை உடைத்துப் பார்த்தால் கறுப்புச் சில்லு ஒன்றுதான் தெரியும். பிள்ளைகளுக்குக் காட்ட எதுவும் இருக்காது. இந்த டிரைவில் நடப்பது கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். இன்னொரு காரணம், நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2001ஆம் ஆண்டு. நான் கணித ஆசிரியர். பள்ளிக்குக் கணினிகள் வந்தபோது அறைச் சாவி என்னிடம் வந்தது. சாவியோடு பாடமும் வந்தது. அந்த ஆண்டு மாணவர் பெயர்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றி ஃப்ளாப்பியில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். தட்டச்சில் லோயர் முடித்திருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நாள் மாலையில் இருந்து அடித்துக் கொடுத்தாள். அதை நான் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே செருகியதும், தட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று திரையில் கேட்டது. இரண்டாவது ஃப்ளாப்பியும் அப்படியே. திரும்பி வந்து எங்கள் கணினியில் போட்டால் பட்டியல் முழுசாகத் திறக்கிறது. மறுநாள் வேறு ஃப்ளாப்பியில் எடுத்துப் போனேன். மறுபடியும் அதே கேள்வி. "பிள்ளைகளை வச்சு வேலை வாங்கினா இப்படித்தான் சார்" என்றார் அங்கிருந்தவர்.

அந்தக் கோபத்தோடு வகுப்புக்குப் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே தட்டைப் பிடுங்கியிருப்பாய், அதனால்தான் கெட்டுப்போனது என்று எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினேன். இனிமேல் கணினி அறைப் பக்கம் வரக்கூடாது என்றும் சொன்னேன். "இங்கே திறக்குதே சார்" என்று மட்டும் அவள் சொன்னாள். பட்டியலைக் கையால் எழுதி அனுப்பினோம்.

அந்த மூன்று சொல்லில் விடை இருந்தது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அந்தக் கருவியை எனக்குத் தெரியாது. ஏன் விடை என்கிறேன் என்று தெரிய, இந்த டிரைவுக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

ஃப்ளாப்பியின் உலோகக் கதவைத் தள்ளிப் பாருங்கள். உள்ளே தெரிவது மெல்லிய பாலியெஸ்டர் தகடு. இரு புறமும் காந்தப் பூச்சு. நடுவில் உலோகக் குடம். டிரைவின் மோட்டார் அந்தக் குடத்தைப் பிடித்து நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது வினாடிக்கு 5 சுற்று சுழற்றும். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு முனைகள் தகட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வன்தட்டில் முனை தொடாது, இதில் தொடும். அதனால்தான் ஃப்ளாப்பி தேய்ந்தது.

முனைகளைச் சுமக்கும் வண்டியைப் பாருங்கள். அதன் பக்கத்தில் ஒரு திருகுத் தண்டு, தண்டின் முனையில் சிறிய படிநிலை மோட்டார். இது தொடர்ந்து சுழலும் மோட்டார் அல்ல. ஒரு மின்துடிப்பு வந்தால் குறிப்பிட்ட கோணம் மட்டும் திரும்பி நின்றுவிடும். ஒரு துடிப்புக்கு வண்டி ஒரு தடம் நகரும். ஒரு பக்கத்தில் 80 தடங்கள், வெளி விளிம்பில் இருப்பது 0, உள்ளே கடைசியில் 79. இரண்டு தடங்களுக்கு நடுவே உள்ள தூரம் 0.19 மில்லிமீட்டர்கூட இல்லை.

வண்டி 43ஆம் தடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தான் 43இல் நிற்பது டிரைவுக்குத் தெரியுமா? தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே இடம் பூச்சியம். வண்டி வெளி விளிம்புக்கு வந்ததும் அதிலுள்ள சிறு தகடு ஓர் ஒளிக்கதிரை மறைக்கும். உடனே, பூச்சியத்துக்கு வந்துவிட்டேன் என்று ஒரு கம்பியில் சைகை போகும். மற்ற 79 இடங்களிலும் அதற்கு ஒன்றும் தெரியாது. எண்ணுவது வேறொருவரின் வேலை. பழைய கணினியை இயக்கியதும் கடகடவென்று ஒரு சத்தம் கேட்குமே, அது வண்டியைப் பூச்சியம் வரை பின்னால் இழுத்துக் கணக்கைத் தொடங்கும் சத்தம்.

அந்த எண்ணுகிறவர்தான் கட்டுப்படுத்தி. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் அது தனி அட்டையாக இருந்தது. அதன் நடுவில் என்இசி நிறுவனத்தின் 765 என்ற சில்லு. பின்னாளில் அந்த வேலை தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லுக்குள் அடங்கிப்போனது. கட்டுப்படுத்திக்கும் டிரைவுக்கும் இடையே ஓடுவதுதான் இந்தப் பட்டை கேபிள். இதில் 34 கம்பிகள். ஒற்றைப்படை எண் கம்பிகள் கிரவுண்ட், இரட்டைப்படை எண் கம்பிகளில் சைகைகள். இந்த ஏற்பாட்டின் வேர் 1976இல் ஷுகார்ட் நிறுவனம் கொண்டுவந்த 5.25 அங்குல டிரைவில் இருக்கிறது. தட்டு சிறுத்தது, கொள்ளளவு பெருகியது, கம்பி வரிசை மட்டும் பெரிதாக மாறவில்லை.

கட்டுப்படுத்தியிடமிருந்து டிரைவுக்குப் போகும் கட்டளைகளைக் கேளுங்கள். மோட்டாரை ஓட்டு. உன்னைத்தான் கூப்பிடுகிறேன். உள்ளே போகும் திசை, அல்லது வெளியே வரும் திசை. ஓர் அடி நகர். மேல் முனை, அல்லது கீழ் முனை. எழுதத் தொடங்கு. இதுதான் எழுத வேண்டியது. டிரைவ் திருப்பிச் சொல்வது ஐந்தே செய்தி: ஒரு சுற்று முடிந்தது, பூச்சியத்தில் இருக்கிறேன், இந்தத் தட்டில் எழுதக்கூடாது, தட்டை மாற்றியிருக்கிறார்கள், பிறகு படித்த துடிப்புகள். கோப்பு, எழுத்து, எண் எதுவும் டிரைவுக்குத் தெரியாது. காந்தத் திசை மாறும் ஒவ்வோர் இடத்திலும் 30ஆம் கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பும், அவ்வளவுதான். 1.44 எம்பி தட்டில் இரு துடிப்புகளுக்கு இடையே 2, 3 அல்லது 4 மைக்ரோவினாடி இருக்கும். அந்த இடைவெளிகளை அளந்து 0, 1 என்று பிரிப்பது கட்டுப்படுத்தி. 16 மைக்ரோவினாடிக்கு ஒரு பைட் சேரும். அடுத்தது வருவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும். செயலியைத் தொந்தரவு செய்யாமல், நேரடி நினைவக அணுகல் வழியாக அந்த பைட் நினைவகத்துக்குப் போய்விடும்.

இங்கே ஒரு கணக்கு போடலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வினாடிக்கு 5,00,000 பிட், 5 சுற்று. ஆக ஒரு சுற்றில் 1,00,000 பிட், அதாவது 12,500 பைட். ஆனால் ஒரு தடத்தில் நாம் வைக்கும் தரவு 18 பிரிவுகள், பிரிவுக்கு 512, மொத்தம் 9,216 பைட்தான். மீதி 3,284 பைட் எங்கே போனது? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பிரிவுகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும், சரிபார்க்கும் எண் வேண்டும், ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் இது இத்தனையாவது தடம், இத்தனையாவது பிரிவு என்ற முகவரி வேண்டும். ஃபார்மட் செய்வது என்றால் அந்த முகவரிகளை எழுதி வைப்பதுதான். போகிறபோக்கில் இன்னொன்று: 80 தடம், 2 பக்கம், 18 பிரிவு, 512 பைட் எல்லாம் பெருக்கினால் 14,74,560. அதை ஒரு முறை 1,024ஆலும் ஒரு முறை 1,000ஆலும் வகுத்தால்தான் 1.44 வரும். உறையில் அச்சிட்ட எண்ணே இரண்டுங்கெட்டான்.

இனி என் கதைக்கு வருகிறேன். இரண்டு மாதம் கழித்து வேறு ஒரு பழுதைப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். பேச்சுவாக்கில் ஃப்ளாப்பி விவகாரத்தைச் சொன்னேன்.

"சார், இந்த மெஷின்ல எழுதினது வேற எங்கயாவது திறந்திருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். திறந்ததே இல்லை.

"கடையில வாங்குற புது ஃப்ளாப்பியை அப்படியே ஏத்துக்குதா?"

"இல்லை தம்பி. பெட்டி பெட்டியா மோசமாத்தான் வருது. எல்லாத்தையும் இங்கே ஒரு தடவை ஃபார்மட் பண்ணித்தான் எடுத்துக்குறோம்."

அவர் சிரித்துவிட்டார். கழற்றிக் காட்டினார். படிநிலை மோட்டாரைப் பிடித்திருந்த திருகு தளர்ந்து மோட்டார் சற்றே திரும்பியிருந்தது. அதனால் வண்டி நிற்கும் இடங்கள் எல்லாமே ஒரே அளவு விலகிவிட்டன. அது பூச்சியம் என்று சொன்ன இடம் பூச்சியம் அல்ல. அங்கிருந்து எண்ணிய ஒன்று, இரண்டு, எழுபத்தொன்பது எல்லாம் உண்மையான தடங்களுக்கு நடுவே விழுந்தன. ஆனால் ஃபார்மட் செய்ததும் அந்த டிரைவ், எழுதியதும் அது, படித்ததும் அது. தன் கையெழுத்தைத் தானே படிக்கும்போது ஒரு பிழையும் தெரியாது. வெளியே போனால்தான் தெரியும். சரியாக நிற்கும் ஒரு டிரைவ் அந்தத் தட்டில் முகவரியைத் தேடி, அரைகுறைச் சைகையைக் கேட்டு, இது ஃபார்மட் ஆகாத தட்டு என்று முடிவு செய்துவிடும். தொழிற்சாலையில் சரியாக ஃபார்மட் ஆகி வந்த புதுத் தட்டுகளை எங்கள் டிரைவ் மோசம் என்றதும் இதனால்தான். பெட்டி பெட்டியாக அந்தத் தடயம் என் கண்முன் இருந்தது. நான் கடைக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சீர்செய்ய வேண்டும் என்றால் அளவுத் தட்டும் அலைகாட்டியும் வேண்டும். புது டிரைவ் சில நூறு ரூபாய்தான். மாற்றச் சொன்னேன். "மாத்தலாம் சார். ஆனா பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க. உங்க ஃப்ளாப்பியை எல்லாம் படிக்க உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். இரண்டு டிரைவையும் ஒரே கேபிளில் மாட்டினார்.

அந்தக் கேபிளைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். கடைசி இணைப்பானுக்கு முன்னால் 10 முதல் 16 வரையுள்ள கம்பிகள் மட்டும் முறுக்கித் திருப்பிவிடப்பட்டிருக்கின்றன, பாருங்கள். பிசியில் டிரைவ்கள் எல்லாமே ஒரே எண்ணுக்குப் பதில் சொல்லும்படி அமைக்கப்பட்டவை. இரண்டை மாட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்குமே? இந்த முறுக்கு, ஏ டிரைவுக்கான அழைப்பையும் மோட்டார் கட்டளையையும் பி டிரைவுக்கானவற்றோடு இடம் மாற்றிவிடுகிறது. முறுக்குக்குப் பின்னால் இருப்பது ஏ, முன்னால் இருப்பது பி. டிரைவில் எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது, ஏழு கம்பிகளின் திருப்பம்.

இதே கேபிளைத் தலைகீழாகச் செருகினால் விளக்கு அணையாமல் எரியும். இந்தச் சைகைகள் மின்னழுத்தம் தாழும்போது செயல்படுபவை. தலைகீழானால் ஒவ்வொரு சைகைக் கம்பியும் கிரவுண்டில் போய் விழுகிறது. எழுதத் தொடங்கு என்ற கம்பியும்தான். உள்ளே தட்டு இருந்தால் அழிந்துபோகவும் கூடும். ஆகவே மாட்டிப் பார்க்கும்போது தட்டைப் போடாதீர்கள்.

அந்த மாணவியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவள் அறை வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லி, வகுப்பு முழுவதையும் அழைத்து உட்கார வைத்து, பெயர்ப் பட்டியல் ஃப்ளாப்பியை அவளிடம் கொடுத்தேன். பியில் போட்டாள், திறந்தது. ஏயில் போட்டாள். தட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று கேட்டது. பிழை டிரைவில், உன்னிடம் இல்லை, அன்றைக்கு நான் பேசியது தவறு என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "விளக்கு அணைஞ்ச பிறகுதான் சார் எடுத்தேன்" என்றாள்.

பள்ளியில் இருந்த நாற்பதுக்கு மேற்பட்ட ஃப்ளாப்பிகளையும் பழைய டிரைவில் படித்து, வன்தட்டில் இறக்கி, புது டிரைவில் மீண்டும் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். நான்கு மாலைகள் ஆயின. கடைசி ஃப்ளாப்பி முடிந்ததும் பழைய டிரைவைக் கழற்றினோம். மேசைமேல் இருப்பது அதுதான்.

உங்கள் பள்ளிகளில் பழுதான கணினிகள் கழிவுக்குக் காத்திருக்கலாம். தலைமையாசிரியரிடம் கேட்டு, இருப்புப் பதிவேட்டில் உரிய குறிப்பு எழுதிய பிறகு, ஒரு டிரைவை மட்டும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். மின் இணைப்பு வேண்டாம். திருகுத் தண்டை விரலால் திருப்பினாலே வண்டி நகரும்.

இப்போது இரண்டிரண்டு பேராக மேசைக்கு வாருங்கள். படிநிலை மோட்டாரின் இடப்பக்கத் திருகைப் பாருங்கள், இன்னும் தளர்வாகத்தான் வைத்திருக்கிறேன்.