திண்ணையும் உள்வீடும்

தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் திண்ணை என்று ஓர் இடம் உண்டு. வழிப்போக்கர் அங்கே அமரலாம், இளைப்பாறலாம், தண்ணீர் கேட்டு வாங்கி அருந்தலாம், பொழுது சாய்ந்துவிட்டால் படுத்து எழுந்தும் போகலாம். ஆயினும் திண்ணையில் தங்கியவர் அடுக்களை வரை வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே நிலைக்கதவு இருந்தது. விருந்தோம்பலும் காவலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அந்த அமைப்பே நமக்கு உணர்த்தியது. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், வைஃபை என்று எல்லாரும் வழங்கும் கம்பியில்லா இணைய வலையைப் பற்றியது. நம் வீட்டு வலைக்குள் யார் யார் இருக்கிறார்கள், வேண்டாதவரை எவ்வாறு விலக்குவது, வேண்டியவரை எங்கே அமர்த்துவது என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இப்பொருள் சிறப்பாக உரியது. ஹைதராபாத் நகரின் வடமேற்கில் உள்ள குகட்பள்ளியை எடுத்துக்கொள்வோம். வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய பெரிய குடியிருப்பு அங்கே இருக்கிறது, கே.பி.எச்.பி. காலனி என்றால் நகரத்தில் எவரும் வழி சொல்வர். 1998-ஆம் ஆண்டு சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டு, ஹைடெக் சிட்டி வளரத் தொடங்கியபின், கணினித் தொழிலை நாடி வந்தவர்கள் இப்பகுதியில் மிகுதியாகக் குடியேறினர். 2017 நவம்பரில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. இன்று அங்கே சுவரோடு சுவர் ஒட்டிய மாடிக் குடியிருப்புகளும், மாணவர்களும் இளைஞர்களும் தங்கும் விடுதிகளும் நெருங்கி நிற்கின்றன. கைபேசியை எடுத்துப் பார்த்தால், அண்டை வீடுகளின் வலைப்பெயர்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. நம் வீட்டின் பெயரும் அவ்வாறே அடுத்த வீட்டாரின் கையில் தோன்றிக்கொண்டிருக்கிறது.

இதற்குக் காரணம் எளியது. ரௌட்டர் என்னும் கருவி பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு வரிசைகளில் வானலைகளைப் பரப்புகிறது. முன்னது வேகத்தில் குறைந்தது. ஆனால் சுவரைக் கடந்து நெடுந்தொலைவு செல்லும். பின்னது வேகம் மிக்கது. சுவர்களில் விரைவாக வலுவிழக்கும். எதுவாயினும் நம் வீட்டு எல்லையை அறிந்து அங்கே நின்றுவிடும் அலை எதுவும் இல்லை. சுவர் கட்டித் தடுக்க இயலாத பொருளுக்குப் பூட்டு ஒன்றே காவல்.

நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு காலத்தில் வானொலிப் பெட்டியை வீட்டில் வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டியிருந்தது. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமத்தைப் புதுப்பித்த காலத்தை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். வானொலிப் பெட்டியோ செய்தியை வாங்குவதுதான், அனுப்புவதன்று. இன்றைய ரௌட்டர் வாங்குவதும் அனுப்புவதுமாகிய ஒரு சிறு நிலையம். எனினும் 2005-ஆம் ஆண்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இயங்கும் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு விதி வகுத்தது. நம்மை எந்த அலுவலகமும் மேற்பார்க்கவில்லை. ஆகவே அந்நிலையத்துக்கு அதிகாரியும் காவலரும் குடும்பத் தலைவரோ தலைவியோதான்.

அக்காவல் தவறினால் என்ன நேரும் என்பதற்கு 2008-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. அவ்வாண்டு ஜூலை 26-ஆம் நாள் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சிறிது நேரம் முன்னதாக, செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எந்த இணைப்பின் வழியாகச் சென்றது என்று காவல் துறையினர் ஆராய்ந்தபோது, நவி மும்பையில் சான்பாடா என்னும் இடத்தில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பு அகப்பட்டது. அவருடைய கம்பியில்லா வலை காவலின்றி இருந்ததால் பிறர் அதைப் பயன்படுத்தியிருந்தனர். அஞ்சலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஆயினும் அயலூரில், அயல்நாட்டில், பிழைப்புக்கு வந்த இடத்தில் அவர் விசாரணைக்கு உள்ளாக நேர்ந்தது. அடுத்து வந்த வாரங்களிலும் அதே முறையில் மும்பைப் பகுதியின் பிற வலைகள் கையாளப்பட்டன. 2009-ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புத் துறை, கம்பியில்லா வலைகளைக் காப்புடன் அமைப்பது பற்றி இணைய நிறுவனங்களுக்கு அறிவுரை வழங்கியது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? வெளியுலகுக்கு நம் வீட்டிலிருந்து செல்லும் செய்தி அனைத்தும் ஒரே முகவரியைத் தாங்கிச் செல்கிறது. இணைய நிறுவனத்தின் ஏட்டில் அந்த முகவரிக்கு நேரே எழுதப்பட்டிருப்பது சந்தாதாரரின் பெயர். அனுமதியின்றிப் பிறர் வலையில் நுழைவது, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தவறாகும். கெட்ட எண்ணத்தோடு செய்தால் மூன்றாண்டு வரை சிறையும், ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. சட்டம் நம் பக்கம் இருந்தாலும், முதலில் கதவு தட்டப்படுவது நம் வீட்டில்தான். மொழி புதிது, ஊர் புதிது, சுற்றத்தார் தொலைவில் என்னும் நிலையில் உள்ள குடும்பத்துக்கு அத்தட்டல் எளிதில் தாங்கக்கூடியதன்று.

இனி, செய்ய வேண்டியவற்றைக் காண்போம். முதலாவது, வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று எண்ணுவது. ரௌட்டரின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 போன்ற ஓர் எண்ணும், நிர்வாகிக்குரிய பெயரும் கடவுச்சொல்லும் அதில் இருக்கும். அந்த எண்ணைக் கணினியின் உலாவியில் இட்டால் நிர்வாகப் பக்கம் திறக்கும். சில நிறுவனங்கள் இதற்கென்றே கைபேசிச் செயலி தருகின்றன. அங்கே இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் கிடைக்கும். ஒரு தாளை எடுத்து வீட்டிலுள்ள கருவிகளை எழுதிக்கொள்ளுங்கள்: கைபேசிகள் எத்தனை, மடிக்கணினி எத்தனை, தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா என்று கணக்கெடுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். எஞ்சி நிற்பது எதுவோ அதுவே ஆராய்ச்சிக்கு உரியது.

பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் நேரே பன்னிரண்டு குறிகள் கொண்ட ஓர் அடையாளம் காணப்படும். மேக் முகவரி என்பது அதன் பெயர். முற்பாதி கருவியைச் செய்தவரைக் குறிக்கும். பிற்பாதி அந்தத் தனிக் கருவியைக் குறிக்கும். ஆனால் இப்பொழுது ஒரு மாறுதல் உண்டு. மனிதர் போகுமிடமெல்லாம் பின்தொடரப்படாமல் இருக்கும்பொருட்டு, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலாகவும், 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலாகவும், கைபேசிகள் ஒவ்வொரு வலைக்கும் ஒவ்வொரு புனை முகவரியைக் காட்டுகின்றன. பன்னிரண்டு குறிகளில் இரண்டாவது குறி 2, 6, ஏ, ஈ என்னும் நான்கில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் புனைந்த முகவரி என்று கொள்ளலாம். ஆகையால் தெரியாத முகவரி ஒன்றைக் கண்டதும் கள்வன் புகுந்தான் என்று பதற வேண்டாம். அது உங்கள் மகளுடைய புதிய கைபேசியாகவும் இருக்கலாம். ஐயமுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால், பட்டியலிலிருந்து எது மறைகிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, விலக்குதல். நிர்வாகப் பக்கத்தில் ஒரு கருவியைத் தேர்ந்து தடை செய்ய வழியுண்டு. பலரும் இதோடு வேலை முடிந்தது என்று மகிழ்ந்துவிடுகின்றனர். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். தடைப்பட்டியல் என்பது, வாயிற்காவலன் ஆளை அவர் அணிந்த சட்டையைக் கொண்டு அடையாளம் காண்பது போன்றது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் அவன் வழிவிட்டுவிடுவான். கடவுச்சொல்லை அறிந்த ஒருவர், தம் கைபேசியில் முகவரியை மாற்றி மறுபடி நுழைவதற்குப் பெரிய கல்வி ஒன்றும் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவர். மாறாக, அனுமதித்த முகவரி தவிர மற்றெல்லாவற்றையும் தடுக்கும் முறையும் இருக்கிறது. அதிலும் தொல்லை உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் தாயாரின் கைபேசி முகவரியை மாற்றிக்கொண்டால், வேண்டியவரே வாசலில் நிற்க நேரும். ஆகவே தடை என்பது அன்றைய அவசரத்துக்கு உதவும் தாழ்ப்பாள், அதுவே பூட்டாகிவிடாது.

பூட்டு, கடவுச்சொல்லும் அதைத் தாங்கும் மறைகுறி முறையும் ஆகும். 1997-இல் வந்த முதல் முறையாகிய வெப், 2001-க்குள்ளேயே உடைக்கத்தக்கது என்று அறிஞர் காட்டிவிட்டனர். 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2 முறையும், 2018-இல் டபிள்யூ.பி.ஏ.3 முறையும் வந்தன. உங்கள் ரௌட்டரில் இவ்விரண்டில் ஒன்று இருத்தல் வேண்டும். டபிள்யூ.பி.எஸ். என்னும் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க எண்ணைக் கொண்டு நுழைய விடும் அம்முறையில், எண்ணை இரு கூறாகச் சோதிப்பதனால் 11,000 முயற்சிகளுக்குள் விடை கிடைத்துவிடும் என்பது 2011-இல் வெளியாயிற்று. கடவுச்சொல் எட்டுக் குறிகளுக்குக் குறையலாகாது. நீளம் மிகுந்தால் நலம். வீட்டு எண்ணும் கைபேசி எண்ணும் வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால், நமக்கு நினைவிருக்கும். பிறர்க்கு ஊகிக்க அரிது.

வேண்டாதவர் ஒருவர் உள்ளே இருப்பது உறுதியானால் கடவுச்சொல்லை மாற்றுவதே முறை. மாற்றியதும் எல்லாக் கருவிகளும் வெளியே வந்துவிடும். ஒவ்வொன்றாக மறுபடி சேர்க்க வேண்டும். விடுமுறை நாள் காலையில் அமைதியாகச் செய்க. அதே சமயம் நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிடில் உள்ளே வந்தவர் சாவியையே தம் கையில் எடுத்துக்கொள்ளக்கூடும்.

வாடகை வீட்டினருக்கு ஒரு வார்த்தை. முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற ரௌட்டர் வசதியானதுதான்; ஆனால் அதன் கடவுச்சொல் அவருக்கும் அவர் நண்பர்களுக்கும் தெரிந்தது. அதைத் தொடக்க நிலைக்கு மீட்டுவிடுவது நலம். அப்பொழுது நிறுவனம் இட்டுவைத்த இணைப்பு விவரங்களும் அழிந்துபோகலாம். ஆதலால் நிறுவனத்தின் பணியாளரை உடன் வைத்துக்கொண்டு செய்க. இயன்றவரை இணைப்பை உங்கள் பெயரிலேயே பெறுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது இணைப்பை முடித்து, எழுத்தில் சான்று பெறுங்கள். நாம் போன பின்னும் நம் பெயர் அங்கே குடியிருக்கக் கூடாது.

இனி விருந்தினர். அயலூரில் தமிழ் பேசுவோர் ஒருவரைக் கண்டாலே நம் நெஞ்சு குளிர்கிறது. வந்தவர் காப்பியோடு கடவுச்சொல்லும் கேட்கிறார். மறுப்பதற்கு மனம் வருவதில்லை. மறுக்கவும் வேண்டாம். பெரும்பாலான ரௌட்டர்களில் விருந்தினர் வலை என்று தனியே ஒன்று அமைக்கலாம். அதற்கு வேறு பெயர், வேறு கடவுச்சொல். அதில் சேர்ந்தவருக்கு இணையம் கிடைக்கும். நம் கணினியும் கோப்புகளும் எட்டா. நம் முன்னோர் கட்டிய திண்ணை இதுவே. விழா முடிந்து விருந்தினர் சென்றபின், அதன் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும், உள்வீடு அசைவதில்லை. எனினும் அங்கிருந்து போகும் செய்தியும் நம் பெயரிலேயே போகிறது என்பதை மறவாது, அறிந்தவர்க்கு மட்டுமே அளியுங்கள். மாதக்கணக்கில் தங்க வந்த பெற்றோரை உள்வீட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம். தொலைக்காட்சியில் ஊர்ப் படங்களைக் காட்ட அவர்களுக்கு அது தேவைப்படும்.

மலிவு விலைக் கேமரா, மின்விளக்கு முதலியவற்றையும் திண்ணையில் வைப்பதே மேல். 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் உலகெங்கும் கைப்பற்றி, பெரிய இணையத் தளங்களையே முடக்கியது. அக்கருவிகளுக்கு உரியவர் பலருக்கு அது தெரியவே இல்லை.

கடைசியாக, வீட்டுக்குள்ளேயே எழும் ஒரு வினா. பிள்ளைகளின் கருவிகளை இரவு பத்து மணிக்கு நிறுத்திவைக்கலாமா? ரௌட்டரில் நேர அட்டவணை வைக்க வழியுண்டு, வைக்கலாம். ஆனால் கைபேசியின் சொந்த இணைப்பு அதற்குக் கட்டுப்படாது. தந்தையும் தாயும் நள்ளிரவு வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் எந்த அட்டவணையும் நிலைக்காது. நேரத்தைப் பிள்ளைகளோடு அமர்ந்து பேசி முடிவு செய்து, அந்த முடிவைக் கருவியில் பதிவதே நெறி.

ஐயத்துக்குரிய குற்றம் ஏதும் உங்கள் இணைப்பின் வழி நடந்ததாகத் தோன்றினால் மறைக்க வேண்டாம். இணையவழிப் பணமோசடியாயின் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். மற்றவற்றுக்கு அருகிலுள்ள காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். முந்திக்கொண்டு சொன்னவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

திங்களுக்கு ஒருமுறை பட்டியலைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். திண்ணையை வேறாகவும் உள்வீட்டை வேறாகவும் வையுங்கள். பிழைக்க வந்த ஊரில் நாம் ஈட்டும் பொருளினும் அரியது நற்பெயர். அதைக் காக்க ஒரு மாலைப்பொழுது போதும்.