இருவாச்சி வாழும் காடு



பிரம்மபுத்திரா நதியின் வடகரையில் உள்ளது தேஜ்பூர். அங்கிருந்து இமயத்தின் அடிவாரத்தை நோக்கிச் செல்வோமானால், தேயிலைத் தோட்டங்களும் நெல்வயல்களும் பின்தங்க, அடர்ந்த காடு எதிர்ப்படும். அஸ்ஸாமின் எல்லை அங்கே முடிந்து, அருணாசலப் பிரதேசம் தொடங்குகிறது. 1873-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, வெளி மாநிலத்தார் அதனுள் நுழைய இன்றும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். நம் நாட்டுக்குள் செல்லவும் சீட்டா என்று சிலர் முகம் சுளிப்பர். பிறர் வீட்டு வாயிலில் நின்று குரல் கொடுத்த பின்னரே உள்ளே செல்வது நம் வழக்கம் அன்றோ? இதையும் அவ்வாறே கொள்ளலாம்.

பக்கே ஆற்றங்கரையிலுள்ள செய்ஜோசா என்னும் சிற்றூரை அடுத்துப் பரந்து கிடக்கிறது பக்கே புலிகள் காப்பகம். அதன் பரப்பு 862 சதுர கிலோமீட்டர். யானை, புலி, காட்டெருது, செந்நாய் ஆகியவை அங்கு வாழ்கின்றன. எனினும் அக்காட்டின் பெருமை இருவாச்சிப் பறவையே. நால்வகை இருவாச்சிகள் அங்குண்டு. அவற்றுள் பெரிய இருவாச்சி, நம் ஆனைமலைக் காடுகளிலும் காணப்படும் அதே பறவைதான். அது தலைக்குமேல் பறக்கும்போது எழும் சிறகோசை, தொலைவில் புகைவண்டி வருவது போலிருக்கும்.

இப்பறவையின் இல்லறம் வியப்புக்குரியது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, சிறு பிளவொன்றை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்கிறது. மாதக் கணக்கில் அது உள்ளேயே இருக்க, ஆண் பறவை அத்திப் பழம் முதலியவற்றைக் கொணர்ந்து ஊட்டுகிறது. ஆண் வேட்டைக்கு இரையானால், உள்ளிருக்கும் தாயும் குஞ்சும் பட்டினியால் மடிய நேரும். பழம் தின்று கொட்டையைத் தூரத்தில் உதிர்க்கும் இப்பறவை மறைந்தால், காட்டில் மரங்கள் முளைப்பதும் குன்றும்.

அவ்வட்டாரத்தில் வாழ்வோர் நிஷி மக்கள். பிரம்பால் பின்னிய தொப்பியில் இருவாச்சியின் அலகைப் பொருத்தி அணிவது அவர்கள் ஆடவரின் மரபு. பியோபா எனப்படும் அம்முடி, அவர்களுக்குக் குல மானத்தின் அடையாளம். முடி வேண்டுமானால் பறவை மடிய வேண்டும். பறவை வாழ வேண்டுமானால் முடியைக் கைவிட வேண்டும். இதுவே அவர்கள்முன் நின்ற இக்கட்டு.

சட்டம் வேட்டையைத் தடுத்தது உண்மையே. ஆனால் சட்டத்தால் மட்டும் மனம் மாறிவிடுவதில்லை. 2000-ஐ அடுத்த ஆண்டுகளில், கண்ணாடி இழையால் செய்த அலகுகள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. மரத்தில் செதுக்கியவையும் வழக்கில் வந்தன. ஊர்ப் பெரியவர்கள் கூடி, வேட்டையாடுவோருக்கு அபராதம் விதித்தனர். பின்னர், முன்பு வேட்டையாடியவர்கள் சிலரே ஊதியம் பெற்றுக் கூடுகளின் காவலராயினர். நகரங்களில் வாழ்வோர் ஒரு கூட்டைத் தத்தெடுத்துக்கொண்டு அதற்குப் பொருளுதவி செய்கின்றனர். 2015 முதல் அப்பறவையின் பெயரால் அங்கே விழாவும் எடுக்கப்படுகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஒரு பாடம் தோன்றுகிறது. சொல்லை மாற்றினாலும் பொருள் கெடாதிருப்பதே நல்ல மொழிபெயர்ப்பு. அலகு மாறிற்று, முடியின் மானம் மாறவில்லை. தில்லியிலும் பம்பாயிலும் மாவிலை அகப்படாத நாளில் வேறு தழையால் தோரணம் கட்டும் நமக்கு, இது விளங்காத செய்தியன்று. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று பிறர் நமக்கு ஆணையிட்டிருந்தால் நாம் பொறுத்திருப்போமா? நிஷி மக்களும் தாமே உடன்பட்டு ஏற்றதனாலேயே அம்மாற்றம் நிலைபெற்றது.

ஆதலால் அங்குச் செல்லும் அன்பர்கள் விருந்தினராகச் செல்லுங்கள். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். கேளாமல் எவரையும் படம் பிடிக்காதீர்கள். கூடுகட்டும் பருவத்தில் பொந்துள்ள மரத்தை நெருங்காதீர்கள். விலங்குகளையும் மக்களையும் ஒரே காட்சிப் பட்டியலில் சேர்த்துப் பேசும் பழக்கத்தை எல்லையிலேயே விட்டுவிடுங்கள். அக்காட்டைக் காப்பவர்கள் அவர்கள். நாம் காணச் செல்பவர்கள் மட்டுமே.