ட்ரைபாட் இல்லாம நாலு ராத்திரி: மேலூர் டீக்கடையில் ஒரு கறுப்பு வெள்ளை முயற்சி

இதை ராத்திரி வேலை முடிஞ்சு பஸ்ஸுல வரும்போது கேக்கறவங்க சில பேர் இருப்பீங்க. இன்னைக்குப் பேசப்போறதும் ராத்திரியைப் பத்திதான்.

எனக்குச் சொந்த ஊர் மேலூர். மதுரையிலிருந்து திருச்சி போற வழியில, சுமார் 30 கிலோமீட்டர். எங்கப்பா அங்க ஒரு டீக்கடையில நைட் மாஸ்டர். ராத்திரி ஒன்பதுக்குப் போனா காலையில ஆறுக்குத்தான் வருவார். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவர் தூங்கிட்டு இருப்பார். நான் படுக்கும்போது அவர் வேலைக்குப் போயிருப்பார். வீட்டு ஆல்பத்துல அவர் வேலை பாக்கற போட்டோ ஒண்ணுகூடக் கிடையாது. போன வருஷம் முட்டிவலி அதிகமாகி, "இந்த வாரத்தோட நைட்டை விட்டுர்றேன்"னு போன்ல சொன்னார். அன்னைக்கே சென்னையிலிருந்து கிளம்பினேன். என் கையில இருந்தது நாலு ராத்திரி, ஒரு பழைய கேமரா, எஃப் 2 வரைக்கும் திறக்கற ஒரு 35 எம்.எம். லென்ஸ்.

ட்ரைபாட் எடுத்துட்டுப் போகல. கடையோட அகலமே எட்டு அடிதான். அங்க மூணு காலை விரிச்சா ரெண்டு பேர் நின்னு டீ குடிக்கிற இடம் போயிடும்.

முதல் ராத்திரி முழுத் தோல்வி. கேமராவை ஆட்டோவுல விட்டேன். இருட்டைப் பாத்தா கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பாக்கும். அதுக்காக ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைக்கும். எல்லாப் படமும் ஆடிப்போச்சு. கலரும் கெட்டுப்போச்சு. உள்ள டியூப்லைட், வெளிய மஞ்சள் தெருவிளக்கு. அப்பா முகம் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் ஆரஞ்சு. போன்ல நைட் மோட் போட்டுப் பாத்தேன். அது பல படங்களை எடுத்து ஒண்ணா ஒட்டற வித்தை. ஆடாம நிக்கிற பாய்லர் பளிச்சுன்னு விழுந்துச்சு, டீ ஆத்தற கை மட்டும் கரைஞ்சுபோச்சு.

அப்பதான் ஒரு விஷயம் உறைச்சுது. படம் கலங்கறதுக்கு ரெண்டு காரணம் உண்டு. ஒண்ணு நம்ம கை ஆடறது, இன்னொண்ணு எதிர்ல இருக்கறவர் அசையறது. ட்ரைபாட் முதல் பிரச்சனையை மட்டும்தான் தீர்க்கும். நான் அதைக் கொண்டுபோயிருந்தாலும் அப்பாவோட கை கிடைச்சிருக்காது.

1930-களோட தொடக்கத்துல பாரிஸ் இரவுகளைப் படமெடுத்த பிரசாய் ட்ரைபாட் வச்சுத்தான் எடுத்தார். எக்ஸ்போஷர் நேரத்தைச் சிகரெட் எரியற நேரத்தை வச்சுக் கணக்குப் பண்ணுவாராம். ஆளில்லாத தெருவுக்கும் பனிக்கும் அது சரி. மேலூர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு வர்றவங்க யாரும் அவ்வளவு நேரம் அசையாம நிக்கமாட்டாங்க. வயலுக்குத் தண்ணி திருப்பிட்டு டார்ச்சோட வர்றவர், மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய் ஏத்திட்டுப் போற வண்டிக்காரர், எல்லாரும் ஒரு டீ, அஞ்சு நிமிஷம், கிளம்பிருவாங்க.

ரெண்டாவது ராத்திரி எல்லாத்தையும் கையாலேயே செட் பண்ணினேன். டியூப்லைட் கீழ எஃப் 2, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் ஒரு நொடியில் 100-ல் ஒரு பங்கு. ஏன் 100? நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சோக் வச்ச பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். அதைவிட வேகமா எடுத்தா ஒரு படம் வெளிச்சமாவும் அடுத்தது மங்கலாவும் வரும். வெளிய பெஞ்சுக்கு ஐஎஸ்ஓ 3200, 30-ல் ஒரு பங்கு. அதுக்கு நம்ம உடம்பையே ட்ரைபாடா மாத்தணும். தூண்ல தோளைச் சாய்ச்சு, முழங்கையை விலாவோட ஒட்டி, மூச்சை விட்டு முடிக்கிற இடத்துல அமுக்கணும். ஒரே அமுக்குல மூணு படம் எடுங்க. பட்டனை அமுக்கற அதிர்வு முதல் படத்துல போயிடும், பெரும்பாலும் நடுப்படம் தேறும்.

அவ்வளவு ஐஎஸ்ஓ வச்சா புள்ளி புள்ளியா வரும்தான். கலர்ல அது அழுக்கு மாதிரி இருக்கும். கறுப்பு வெள்ளையாக்கினா பழைய ஃபிலிம் மாதிரி ஆயிடும். பச்சை-ஆரஞ்சு சண்டையும் முடிஞ்சிரும். ஊட்டியில 1960-ல தொடங்கின இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து'ங்கற பேர்ல கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டாங்க, ஞாபகம் இருக்கா? உங்க தாத்தா பாட்டி போட்டோ அதுல எடுத்ததாக்கூட இருக்கலாம். அந்தப் படங்கள்ல இருட்டு இருட்டாவே இருக்கும். நானும் அப்படியே விட்டேன். விளக்கு வெளிச்சம் வெளுத்துப் போகாமப் பாத்துக்கிட்டா போதும், நிழல் கறுப்பாவே இருக்கட்டும்.

மூணாவது ராத்திரி அப்பா சொன்னது ஒண்ணுதான்: "வெளிச்சத்தை மறைக்காதய்யா, அங்கிட்டு நில்லு." அவர் காட்டின இடம்தான் சரியான இடம். அந்த வெளிச்சத்துல இத்தனை வருஷம் நின்னவருக்குத் தெரியாதா? கடைசி ராத்திரி அங்கேயே நின்னு, வேணும்னே ஷட்டரை 15-ல் ஒரு பங்குக்குக் குறைச்சேன். முகம் நின்னுச்சு. கை புகை மாதிரி ஓடுச்சு. ஒரு குவளைக்கும் இன்னொரு குவளைக்கும் நடுவுல டீ ஒரே வெள்ளைக் கோடு.

நாலு ராத்திரியில 640 படம். தேறினது ஒன்பது. மதுரையில பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா ஒண்ணை எடுத்து ரொம்ப நேரம் பாத்துட்டு, "நான் இவ்வளவு குனிஞ்சா நிக்கிறேன்?"னு கேட்டார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

அம்மா வாங்கிப் பாத்தாங்க. கல்யாணமாகி 27 வருஷத்துல ராத்திரி அந்தக் கடைப் பக்கம் அவங்க போனதே இல்ல. அவர் வேலை பாக்கறதை அன்னைக்குத்தான் பாக்கறாங்க. "முகம் இருக்கு, கையைக் காணமே?"ன்னாங்க.

"அது நிக்காதுல்ல"ன்னார் அப்பா.

அந்தப் படம் இப்ப டிவிக்கு மேல மாட்டியிருக்கு. உங்க வீட்லயும் ராத்திரி வேலைக்குப் போறவங்க இருந்தா, இந்த வாரம் ஒரு நாள் கூடப் போய்ப் பாருங்க. போன் கேமராவே போதும். தூண் இருந்தா சாஞ்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.