ஆங்கில வினைகளும் அவற்றின் ஒட்டுச் சொற்களும்

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அலுவலகத்திலே எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். கல்லூரியில் ஆங்கிலத்திற்கு நல்ல புள்ளிகள் பெற்றவன் என்ற பெருமிதம் அப்பொழுது எனக்கு உண்டு. சேர்ந்த இரண்டாம் மாதம் மேலதிகாரி ஒரு கணக்குப் புத்தகத்தை என்னிடம் தந்து, அதனை 'லுக் ஓவர்' செய்யும்படி சொன்னார். ஒருமுறை பார்வையிட்டுச் சரிபிழை காண் என்பதே அதன் பொருள். இரண்டு நாட்கள் இருந்து ஒவ்வொரு தொகையையும் கூட்டிப் பார்த்தேன். பின்பு, கணக்கு முழுவதையும் 'ஓவர்லுக்' செய்துவிட்டேன் என்று ஆங்கிலத்திலே ஒரு குறிப்பெழுதிப் புத்தகத்துடன் வைத்தேன்.

மறுநாட் காலை அழைப்பு வந்தது. "நீர் வேலையைச் செய்யவில்லை. அதை எழுத்திலும் ஒப்புக்கொண்டிருக்கிறீரே!" என்றார் அவர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. 'லுக் ஓவர்' என்றால் பார்வையிடுதல். அந்த இரண்டு சொற்களையும் முன்பின்னாக மாற்றி ஒன்றாக்கினால், இன்றைய வழக்கில் கவனியாது விட்டுவிடுதல் என்று பொருள். பக்க ஓரங்களிலே நான் பென்சிலால் இட்டிருந்த அடையாளங்களே அன்று என்னைக் காப்பாற்றின. ஆனால் நான் அறிந்ததாக எண்ணியிருந்த மொழியை அறியவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

இந்த இடர்ப்பாடு எனக்கு மட்டும் உரியதன்று. 1755ஆம் ஆண்டிலே தமது பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், அதன் முன்னுரையிலேயே இதனைக் குறிப்பிட்டிருக்கிறார். வினைச்சொல்லின் பின்னே ஒரு சிறு சொல்லைச் சேர்த்து வினையின் பொருளை மாற்றும் வழக்கம் ஆங்கிலத்திலே மிகுதி என்றும், பிறமொழியாளருக்கு மிகுந்த தொல்லை தருவது இதுவே என்றும் அவர் கூறினார். அவர் சொன்னது இன்றைக்கும் பொருந்தும்.

அச்சிறு சொற்கள் யாவை? அப், டவுண், இன், அவுற், ஒன், ஓஃப், அவே, ஓவர் என்பன போன்றவை. மேல், கீழ், உள், வெளி என்று இடத்தையும் திசையையும் காட்டுவதே இவற்றின் முதற்றொழில். குழந்தையும் அறிந்த சொற்கள். ஆனால் வினையோடு கூடியதும் இவற்றின் போக்கு மாறிவிடுகிறது. 'புற்' என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். வை அல்லது போடு என்பது அதன் பொருள். 'புற் டவுண்' என்றால் கீழே வைத்தல், இதில் மயக்கமில்லை. 'புற் ஒன்' என்றால் ஆடை அணிதல். 'புற் அவுற்' என்றால் விளக்கை அணைத்தல். 'புற் ஓஃப்' என்றால் பிற்போடுதல். 'புற் அப் வித்' என்று மூன்று சொற்கள் சேர்ந்தாலோ பொறுத்துக்கொள்ளுதல். வினை ஒன்றுதான், வாலிலே ஒட்டிய சொல் மாற மாறச் செயல் முழுவதும் மாறுகிறது.

வேறொரு மாற்றமும் உண்டு. 'அப்' என்றால் மேலே என்பது பொருளாயினும், 'ஈற் அப்' என்பதில் மேலும் இல்லை, கீழும் இல்லை. மிச்சம் விடாமல் உண்டு முடி என்பதே கருத்து. திசையைக் காட்டிய சொல் இங்கே செயலின் முடிவைக் காட்டுகிறது. இதனாலேதான் ஒரு வீடு எரிந்து முடிந்ததை 'பேண் டவுண்' என்றும், ஒரு கடதாசி எரிந்து முடிந்ததை 'பேண் அப்' என்றும் ஆங்கிலேயர் சொல்கின்றனர். மேலும் கீழும் அங்கே ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன!

இந்த நிலை எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்திலே வினைக்கு முன்னே ஒட்டுகள் சேர்வது பெருவழக்காக இருந்தது. அவற்றுட் பல நாளடைவில் மறைந்தன. வினைக்குப் பின்னே சொல் சேர்க்கும் வழக்கு வளர்ந்தது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர்ப் பிரெஞ்சுச் சொற்களும், அறிஞர்கள் வழியாக இலத்தீன் சொற்களும் வந்து குவிந்தன. ஆகவே ஆங்கிலம் ஒரு மாடிவீடு போல் ஆயிற்று. மேல்மாடியிலே 'போஸ்ற்போன்', 'சறண்டர்', 'ரொலறேற்' முதலிய கனவான்கள் இருக்கின்றனர். கீழ்வீட்டிலே 'புற் ஓஃப்', 'கிவ் அப்', 'புற் அப் வித்' ஆகியோர் குடியிருக்கின்றனர். நாம் பள்ளிக்கூடத்திலே மேல்மாடிக்காரருடன் பழகிவிட்டோம். ஆங்கிலேயர் வீட்டிலும் தெருவிலும் பேசுவதோ கீழ்வீட்டாரின் பேச்சு.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. இன்று நம்மவர் பலர் ஆங்கிலம் பேசும் நாடுகளிலே வாழ்கின்றனர். முதிய தாயொருத்தி அங்கே மருத்துவரிடம் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாந்தி எடுத்தீர்களா என்பதற்கு அவர் 'துறோ அப்' என்கிறார். நோ எப்போது தொடங்கிற்று என்பதற்கு 'கம் ஒன்' என்கிறார். மருந்தின் வேகம் குறைகிறதா என்பதற்கு 'வெயார் ஓஃப்' என்கிறார். எறி, வா, அணி என்ற வினைகளைத் தெரிந்தவருக்கும் இக்கேள்விகள் விளங்கா. 'பாஸ் அவுற்' என்றால் மயங்கி விழுதல். 'பாஸ் அவே' என்றால் இறந்துபோதல். தொலைபேசியிலே இவ்விரண்டையும் மாற்றிக் கேட்டால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேம்பிறிட்ஜ் அறிஞரான ஒக்டன் 1930இலே 850 சொற்களைக் கொண்ட 'பேசிக் இங்கிலிஷ்' என்னும் எளிய ஆங்கிலத்தை வகுத்தார். அதிலே வினைகள் 18 மாத்திரமே. அச்சில வினைகளோடு சிறு சொற்களைச் சேர்த்து ஏனைய செயல்களையெல்லாம் சொல்லிவிடலாம் என்பது அவர் கருத்து. சொற்பட்டியல் சுருங்கியது உண்மை. ஆனால் சேர்க்கைகளைத் தனித்தனியே கற்கும் சுமை குறைந்ததா? இல்லை. இரண்டு எளிய சொற்களைக் கூட்டினால் வருவது எளிய பொருளாய் இருக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் கிடையாது.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், இது என்ன விந்தையான மொழி என்று எண்ணக்கூடும். நம்முடைய வீட்டையும் சிறிது பார்ப்போம். கைவிடு என்கிறோம், அங்கே கை எது, விடுவது எது? மேற்கொள், உட்கொள், எதிர்கொள், பின்வாங்கு என்பவற்றைப் பிறநாட்டான் ஒருவன் சொல் சொல்லாகப் பிரித்தால் என்ன பாடுபடுவான்! எழுது என்பதற்கும் எழுதிவிடு என்பதற்கும் உள்ள வேற்றுமை நம் காதுக்குத் தெரியும். அந்த 'விடு' செய்யும் வேலை, ஆங்கிலத்தில் 'அப்' சில இடங்களிலே செய்யும் வேலைக்கு அண்மையானது. வடமொழியிலே ஒரே வினையடியின் முன்னே வெவ்வேறு ஒட்டுகள் சேர்ந்து பிறந்த சொற்களே ஆகாரம், பரிகாரம், சங்காரம், விகாரை என்பன. உணவும் அழிவும் ஓரடியிலிருந்து பிறந்திருக்கின்றன! இடைச்சொல் தனக்கென இயங்காது, பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடைபெறும் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஆங்கிலத்தின் ஒட்டுச் சொற்களையும் அக்கண்கொண்டு நோக்கலாம்.

இன்னுமொன்று. 'போஸ்ற்போன்' என்பது இலத்தீனிலே பின் என்ற சொல்லும் வை என்ற சொல்லும் கூடியது. நாம் பிற்போடு என்கிறோம். அவர்கள் 'புற் ஓஃப்' என்கின்றனர். மூன்றும் ஏறத்தாழ ஒரே முறையிற் செய்த சொற்களே.

ஆகவே மாணவர்களுக்கு மூன்று யோசனைகள் சொல்வேன். முதலாவது, வினையையும் ஒட்டையும் பிரித்து மனனஞ் செய்யாதீர்கள். இரண்டையும் ஒரே சொல்லாக, ஒரு முழு வாக்கியத்திலே வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது, சுட்டுப்பெயர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தொப்பியை அணிந்துகொள் என்பதற்கு 'ஒன்' என்பதைத் தொப்பிக்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ஆனால் தொப்பி 'இற்' ஆகிவிட்டால் 'புற் இற் ஒன்' என்று நடுவிலேதான் அது நிற்கவேண்டும். மூன்றாவது, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'லுக் அற் இற்' என்னும்போது 'அற்' மெலிந்து ஒலிக்கும். 'புற் இற் ஒன்' என்னும்போது 'ஒன்' அழுத்தமாக ஒலிக்கும். எது வினையோடு ஒட்டியது, எது பெயரோடு சேர்ந்தது என்பதைப் பல இடங்களில் அவ்வழுத்தமே காட்டிக்கொடுக்கும். இதனை அச்சுப் புத்தகம் சொல்லித் தராது. வானொலி சொல்லித் தரும்.

நான் அன்று எழுதிய குறிப்பைக் கிழித்தெறியவில்லை. பெரிய சொற்களை அறிந்தவன் என்ற எண்ணம் தலைதூக்கும்போதெல்லாம் அதனை எடுத்துப் பார்ப்பதுண்டு. 'லுக் ஓவர்' செய்வதுண்டு என்றுதான் சொல்கிறேன், நேயர்களே, 'ஓவர்லுக்' அன்று.