உபரிப் பால் வீணாவது ஏன்?
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நெல்லுக்கு விலை இறங்கினால் பத்தாயத்தில் போட்டு வைக்கிறோம். பாலை அவ்வாறு வைக்க இயலாது. கறவாமல் இருக்கவும் இயலாது. மடியில் பால் தேங்கினால் மடி வீங்கும், நோய் காணும், கறவையும் குறையும். கறந்த பாலோ கோடையில் சில மணி நேரத்திற்குள் திரிந்துவிடும். ஆகையால், விற்பனை ஒரு வேளை தடைப்பட்டாலும் நட்டம் அன்றைக்கே வந்து சேருகிறது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனா ஊரடங்கு வந்தபோது பால் வண்டிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆயினும் தேநீர்க் கடைகளும் ஓட்டல்களும் மூடப்பட்டன. திருமண விருந்துகளும் நின்றன. அவற்றுக்குக் கேனில் பால் ஊற்றி வந்தவர்கள் கொள்வாரின்றித் தவித்தனர். நகரத்துக் குழந்தைகளுக்குப் பால் வேண்டாமலா போயிற்று? வேண்டியேயிருந்தது. ஆனால் நகரத்து வீடுகள் பெரும்பாலும் வாங்குவது பாக்கெட் பால். கேன் பாலைப் பதப்படுத்திப் பாக்கெட்டில் அடைக்கும் நிலையத்தின் கொள்ளளவு ஒரே நாளில் பெருகாது. மாற்று வழி முன்னரே இல்லாமையே பால் வீணானதற்குக் காரணம்.

இதற்கு வழி கண்டவர்கள் இன்றைய குஜராத்தின் கெய்ரா மாவட்டத்து உழவர்கள். 1946இல் கூட்டுறவு ஒன்றியம் அமைத்துப் பம்பாய்க்குப் பால் அனுப்பினர். குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறந்தபோது, அவ்வளவு பாலையும் அந்நகரம் எடுத்துக்கொள்ளவில்லை. 1955இல் ஆனந்த் நகரில் வெண்ணெயும் பால் பவுடரும் செய்யும் ஆலையை நிறுவினர். மிஞ்சிய பால், இருப்பு வைக்கத்தக்க சரக்காயிற்று. 2020இலும் கூட்டுறவு ஒன்றியங்கள் பல, உபரிப் பாலைப் பவுடராக்கியே காத்தன.

பவுடர் ஆலை ஒவ்வோர் ஊரிலும் அமைக்க முடியாது. எனினும் நம்மால் ஆவன உண்டு. பாலை 4 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தால் அவகாசம் கிடைக்கும். உங்கள் பால் சங்கத்தில் குளிர்விக்கும் கருவி இருப்பின், மின்சாரம் நின்றால் அதனை இயக்க ஜெனரேட்டரும் டீசலும் உண்டா எனப் பாருங்கள். மழையில் சாலை துண்டிக்கப்பட்டால் பால் வண்டிக்கு மாற்றுப் பாதை எது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். அனுப்ப வழியில்லாத பாலைக் காய்ச்சி உறை ஊற்றி, கடைந்து நெய்யாக்க, மகளிர் குழுக்களிடம் பாத்திரமும் எரிபொருளும் ஆயத்தமாக இருக்கட்டும். நெய் மாதக்கணக்கில் கெடாது. மோர் ஊருக்கு ஆகும்.

இரண்டு மாடு வைத்துள்ள குடும்பத்தில் பால் பணமே தீவனக் கடனையும் அரிசிச் செலவையும் தாங்குகிறது. சில வாரப் பணம் நின்றால் மாட்டையே விற்க நேரும். பின்னர்ச் சாலை திறந்தாலும் விற்ற மாடு திரும்பி வராது. ஆகவே, அடுத்த கிராம சபையிலேயே இதனை விவாதித்து ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.